கன்றின் செமிபாடு

பிறந்த கன்று அசைபோடுவதில்லை. தாய்க்கு உள்ளதைப் போல அதற்கும் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு, அளவுதான் தலைகீழ். வளர்ந்த மாட்டில் முதல் அறை மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம். புதுக்கன்றிலோ நான்காம் அறையே 60 சதவீதம். கன்று முலையைச் சூப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள தசைமடிப்பு குழாய்போல மூடிக்கொள்ள, பால் நேரே நான்காம் அறைக்குப் போகிறது. அங்கே ரெனின் என்னும் நொதி அதைச் சில நிமிடங்களில் உறையவைக்கிறது. அந்தக் கட்டி பல மணித்தியாலங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செமிக்கும். அவசரமாகக் குடித்த பால் முதல் அறைக்குள் வழிந்தால் அங்கே புளித்து வயிறு ஊதும். வாளியை விட முலைக்காம்பு பூட்டிய போத்தல் நல்லது என்பது இதனால்தான்.

வலிகாமம் தென்மேற்கிலுள்ள சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் மாடு வளர்ப்பு என்றால் பெரும்பாலும் வீட்டு வளவில் கட்டிய ஒன்றிரண்டு பசுக்கள். கறந்த பாலை விற்க வேண்டும் என்ற நெருக்கடியில் முதலில் குறைவது கன்றின் பங்கு. நாகு கன்றுக்காவது ஏதோ கிடைக்கும். நாம்பன் கன்றின் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் கருப்பையிலேயே கிடைத்துவிடுகின்றன. பசுவின் இளங்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே கன்று வெறுங்கையோடு பிறக்கிறது; அதன் பாதுகாப்பு முழுவதும் கடும்புப்பாலில் இருக்கிறது. அந்தப் புரதங்களை உடையாமல் உள்ளே விடும் குடற்சுவர் பிறந்த சில மணித்தியாலங்களிலேயே மூடத் தொடங்கி, ஒரு நாளில் அடைத்துவிடும். 25 கிலோ நிறையுள்ள ஜேர்சிக் கலப்புக் கன்றுக்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் இரண்டரை லீற்றர் கடும்புப்பால் போக வேண்டும். இளங்கொடி விழட்டும் என்று பால் கொடுக்காமல் காத்திருப்பது பழைய பழக்கம். விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை. காத்திருந்த நேரம் மட்டும் கன்றுக்குத் திரும்பாது. கடும்பைக் காய்ச்சி அயலுக்குக் கொடுப்பதும் கன்று குடித்த பிறகுதான்.

அதன்பின் நாளொன்றுக்கு உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டு வேளையாக, உடற்சூட்டில், தினமும் அதே நேரங்களில். பாலை மிச்சம் பிடிக்க அரிசிக்கஞ்சி கொடுப்பவர்கள் உண்டு. முதல் மூன்று நான்கு வாரங்களில் மாப்பொருளைச் செமிக்கும் நொதி கன்றிடம் மிகக் குறைவு. சீனியைச் செமிக்கும் நொதி அறவே இல்லை. செமிக்காத கஞ்சி குடலில் புளித்துக் கழிச்சலாகும். கழிச்சல் கண்ட கன்றுக்கும் சீனிக் கரைசல் உதவாது. குளுக்கோசும் உப்பும் சேர்ந்த கரைசலே நீரிழப்பை ஈடுசெய்யும். பாலை முற்றாக நிறுத்துவதும் தேவையில்லை.

முதல் அறை தானாக வளர்வதில்லை. தானியத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலமே அதன் உட்சுவரில் உணவை உறிஞ்சும் சிறுமுளைகளை வளர்க்கிறது. வைக்கோல் வயிற்றைப் பெருக்கும், தசையை வலுப்படுத்தும்; முளைகளைத் தராது. வைக்கோலில் மட்டும் வளர்ந்த கன்று வயிறு தள்ளி, விலா தெரிய நிற்பது அதனால்தான். இரண்டாம் வாரத்திலிருந்து இடித்த சோளம், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, தாதுக்கலவை சேர்த்து, 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள தீவனத்தை ஒரு பிடியில் தொடங்கலாம்.

பலர் மறப்பது தண்ணீரை. பால் முதல் அறைக்குள் போகாததால் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு ஈரம் குடிதண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோடையில் கொட்டிலில் வாளி காய்ந்து கிடந்தால் தீவனம் கொடுத்தும் பயன் குறைவு.

வட்டப்புழுவின் குடம்பிகள் தாய்ப்பாலோடே கன்றுக்குள் வரக்கூடும். எனவே 10 முதல் 16 நாள்களுக்குள் கால்நடை வைத்தியரிடம் பூச்சிமருந்து பெற வேண்டும். கன்று தொடர்ந்து மூன்று நாள் முக்கால் கிலோவுக்கு மேல் தீவனம் தின்றால் பாலை மறக்கடிக்கலாம். பெரும்பாலும் அது எட்டு முதல் பத்து வாரத்தில். அப்போதிருந்து வேலிக் கதியாலில் தழைக்கும் கிளிசரியாக் குழையை, வாட்டிய பின், சிறிது சிறிதாகப் பழக்கலாம். அதில் புரதம் நிறைய. இப்பிலிப்பில் குழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் அளவோடு போதும். கிழித்த பனையோலை பெரிய மாட்டுக்கான தீன்; நார் மிகுந்த அதைச் செமிக்க, கன்றின் முதல் அறைக்கு இன்னும் பல மாதங்கள் வேண்டும்.