குருசடைத் தீவின் புழு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது?

விலங்குலகம் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “மண்புழு, நாடாப்புழு, உருளைப்புழு, ஏகார்ன் புழு ஆகியவற்றை ஒரே தொகுதியில் சேர்க்கலாமா?” பெரும்பாலோர், “சேர்க்கலாம், எல்லாம் புழுதானே?” என்பார்கள். நீளமாக, மென்மையாக, காலில்லாமல் இருப்பதெல்லாம் பேச்சு வழக்கில் புழுதான். வகைப்பாட்டியலிலோ இந்த நான்கும் நான்கு தனித்தனித் தொகுதிகள். தோற்றத்தை மட்டும் நம்பி வகைப்படுத்தக் கூடாது என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவிலேயே நல்ல சான்று உண்டு.

பாம்பனுக்கு அருகில் உள்ளது குருசடைத் தீவு. இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி கிரேவ்லி முதலானோர் எழுதிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. இங்குள்ள ஆழமற்ற கடலின் மணலில் வளை தோண்டி வாழ்கிறது ‘டைகோடெரா ஃபிளாவா’ என்ற அரைநாணி. இது பாடநூலில் வரும் பலனோகிளாசஸின் நெருங்கிய உறவு.

இதன் உடலில் மூன்று பகுதிகள் உண்டு: முன்னால் ஓக் மரக் கொட்டை போன்ற துதிக்கை, அடுத்துக் கழுத்துப்பட்டை, பின்னால் நீண்ட உடற்பகுதி. மண்புழுவைப் போல மணலை விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் குவியலாக வெளியேற்றுகிறது. ஆனால் மண்புழுவுக்கு இல்லாத செவுள் பிளவுகள் இதற்கு உண்டு.

1825-இல் எஷ்ஷோல்ட்ஸ் என்ற அறிஞர் இதே இனத்தைப் பசிபிக் கடலில் கண்டு முதன்முதலில் விவரித்தார். அவர் இதைக் கடல் அட்டை வகை என்றே கருதினார். பின்னர் 1850-இல் யோகன்னஸ் முல்லர், கடலில் மிதந்த ‘டோர்னேரியா’ என்ற இளவுயிரியைக் கண்டு, அது நட்சத்திர மீனின் இளவுயிரி என்று எண்ணினார். அது வளர்ந்தால் பலனோகிளாசஸ் ஆகும் என்று பிறகு காட்டியவர் மெட்ச்னிகாஃப்.

1880-களில் வில்லியம் பேட்சன் செவுள் பிளவுகளையும், துதிக்கைக்குள் நீளும் சிறு தண்டு போன்ற உறுப்பையும் கவனித்தார். அந்தத் தண்டை முதுகுநாண் என்று கொண்டு, இவ்வுயிரிகளுக்கு ‘அரைநாணிகள்’ எனப் பொருள்படும் பெயரிட்டு, முதுகுநாணிகளோடு சேர்த்தார். அந்தத் தண்டு உண்மையான முதுகுநாண் அன்று எனப் பின்னாளில் பலரும் ஏற்றுக்கொண்டதால், அரைநாணிகள் தனித் தொகுதியாயின. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

2015-இல் டைகோடெரா ஃபிளாவாவின் மரபணுத் தொகுதி வெளியானது. செவுள் பிளவு உருவாவதோடு தொடர்புடைய மரபணுக்கள் இதிலும் முதுகுநாணிகளிலும் ஒரே வகையில் அடுத்தடுத்து அமைந்திருப்பது தெரிந்தது. ஆக, செவுள் பிளவைப் பொறுத்தவரை பேட்சன் சொன்ன உறவு சரியே. அதே வேளையில், அரைநாணிகளுக்கு மிக நெருங்கிய உறவு முட்தோலிகள்தாம் என்பது இன்றைய முடிவு. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் அத்தொகுதியைச் சேர்ந்தவையே! எஷ்ஷோல்ட்ஸ் கண்டது வெறும் தோற்ற ஒற்றுமை. முல்லரைக் குழப்பிய இளவுயிரி ஒற்றுமையோ உண்மையான உறவின் அடையாளம்.

இதை வகுப்பில் ஒரு செயல்பாடாகச் செய்யலாம். பெயரைச் சொல்லாமல் முதலில் வெளித்தோற்றத்தை மட்டும் கரும்பலகையில் எழுதி, எந்தத் தொகுதி என்று குழுக்களாக முடிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்துச் செவுள் பிளவு, பிறகு இளவுயிரி, கடைசியில் மரபணு என ஒவ்வொரு சான்றாகக் கொடுங்கள். முடிவை மாற்றிக்கொள்ளும் குழு, ஏன் மாற்றியது என்று சொல்ல வேண்டும். கடல் அட்டையை நேரில் பார்த்த கடலோர மாணவர்கள் இதில் மற்றவர்களுக்கு விளக்குபவர்களாக மாறுவார்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்துவது நல்லது. ‘முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இணைப்புப் பாலம்’ என்று படிக்கும் மாணவர், இப்புழுவிலிருந்தே நாம் வந்தோம் என எண்ணிவிடக்கூடும். இது நம் மூதாதை அன்று. மிகப் பழைய பொது மூதாதையரின் இன்னொரு கிளை.

குருசடைத் தீவு, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுள் ஒன்று. அங்கு உயிரினங்களைச் சேகரிப்பது குற்றம். படமும் கல்லூரி அருங்காட்சியக மாதிரியும் நமக்குப் போதும். புழு அதன் மணலிலேயே இருக்கட்டும்.