திங்களிலே தேர், தரையிலே பாகன்

தேரைச் செலுத்தும் பாகன் தேரிலேயே இருத்தல் உலகத்தியற்கை. வழியின் மேடுபள்ளங்களை அவன் உடம்பு அக்கணமே உணரும். பாகன் ஓருலகத்தும் தேர் பிறிதோருலகத்தும் இருப்பின் யாது நிகழும்?

1970 நவம்பர் 17ஆம் நாள் சோவியத்து நாட்டாரின் லூனக்கோட் 1 என்னும் எட்டுச் சக்கர வண்டி திங்களில் இறங்கிற்று. தலைவர், ஓட்டுநர், வழிகாட்டுவோர், பொறியியலாளர், அலைவாங்கியைத் திசைதிருப்புவோர் ஆகிய ஐவர் கிரைமியாவிலிருந்து அதனை இயக்கினர். வானொலி அலை திங்களுக்குச் சென்று மீள இரண்டரைச் செக்கனுக்கு மேலாகும். அன்றியும், வண்டியின் கமரா அசையாப் படங்களையே ஒவ்வொன்றாக அனுப்பிற்று. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 20 செக்கன் வரை கழிதலும் உண்டு. ஆகவே ஓட்டுநர் கண்டது வண்டி முன்னர் நின்ற இடத்தையேயாம்.

இத்தகைய தாமதத்தில் மனிதன் எவ்வாறு தொழிற்படுவான் என்பதனை, 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சார்ந்த தோமஸ் செரிடனும் வில்லியம் பெரலும் ஆராய்ந்தனர். தொலைவிலிருந்து இயந்திரக் கையொன்றை இயக்கியோர், சிறிது அசைத்து, நின்று, பயன் கண்டு, பின்னரே மீண்டும் அசைத்தனர். காணுமுன் திருத்தப் புகுவோன் திருத்தத்தையும் திருத்த நேரும். இயந்திரமும் ஊசல்போல் அலையும்.

காத்திருத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. காண்டற்கேற்ற கண்ணும் வேண்டும். முதல் வண்டியின் கமராக்கள் தாழ இருந்தமையால் முன்னுள்ள பள்ளங்களை அறிதல் அரிதாயிற்று. 1973 சனவரியில் இறங்கிய லூனக்கோட் 2இல் மேலுமொரு கமராவை உயரத்திற் பொருத்தினர். அவ்வண்டி ஏறத்தாழ 39 கிலோமீற்றர் ஓடிற்று. ஆயினும் அவ்வாண்டு மே மாதத்தில், அதன் திறந்த மூடி குழியொன்றின் சுவரில் உராய்ந்து மண்ணை ஏற்றுக்கொண்டது. மூடியை மூடியபோது அம்மண் வெப்பம் போக்கும் தட்டின்மேல் வீழ்ந்தமையால், வண்டி வெப்பம் மிகுந்து ஓய்ந்தது என்பர். அருகிருந்த பாகனாயின் மண்ணைத் துடைத்தெறிந்திருப்பான். கிரைமியாவிலிருந்தோர்க்கு அது கூடவில்லை.

செவ்வாய்க்கோ செய்தி ஒருவழி செல்லவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ஆங்கு கணந்தோறும் கடிவாளம் பிடித்தல் இயலாது. ஒருநாட் பணியை முற்கூட்டியே வகுத்தனுப்பி, வழியிலுள்ள கல்லை விலக்கும் பொறுப்பை வண்டியிடமே விடுகின்றனர். எதனைத் தான் செய்வது, எதனை வண்டிக்கு விடுவது என வரையறுத்தலே இன்று பாகனின் முதற்கடன். அவ்வரையறை பிழைப்பின், அங்கே சென்று சீர்செய்வார் ஒருவருமிலர்.