மென்பொருள் ஆக்கத்தில் திட்ட அடுக்குகளும் ‘திட்டம்’ என்னும் சொல்லும்

தமிழில் ‘திட்டம்’ என்னும் ஒரே சொல் பல அளவுகளில் வழங்குகிறது. 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம். நாளைய பணிக்கான ஏற்பாடும் திட்டம். பொதுவழக்கில் இதனால் இடர் மிகுதியில்லை. மென்பொருள் ஆக்கும் குழுவிலோ, ‘திட்டம் மாறிவிட்டது’ என்று ஒருவர் கூறும்போது எந்த அடுக்கின் திட்டம் என்பது தெளிவாதல் வேண்டும். இல்லையேல் ஒரு வாரத்துப் பணிமாற்றம், பொருளின் நோக்கமே கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை ‘அஜைல்’ என்னும் பெயரை நிலைநாட்டியது. திட்டத்தைப் பின்பற்றுவதினும் மாற்றத்திற்கு ஈடுகொடுப்பதை அது மேலாக மதித்தது. இதனால் இம்முறையில் திட்டமே இல்லை என்பார் உளர், அது பிழை. திட்டமிடல் இங்கு அடிக்கடி நிகழ்கிறது. (இப்பெயரை ‘விரைவு’ என்று பெயர்ப்பதும் பொருந்தாது, வேகத்தைவிட வளைந்துகொடுத்தலே அதன் கருப்பொருள்.)

பொதுவாக ஐந்து அடுக்குகள் கூறப்பெறும். பொருள் யாருக்கு, எதற்கு என்பது நோக்கு. அதனை அடையும் படிகளைப் பருமட்டாகக் குறிப்பது வழிவரைவு. பயனர் கையில் எதனை, எப்போது தருவது என்பது வெளியீட்டுத் திட்டம். அதன்கீழ் அமைவது சுற்றுத் திட்டம். ஸ்க்ரம் முறையில் ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் இச்சுற்று ஒரு மாதத்தை மிகலாகாது. இறுதியடுக்கு அன்றாடத் திட்டம். அதற்குரிய கூட்டம் 15 நிமிடத்தில் முடியும். தொலைவிலுள்ளதைப் பருமட்டாகவும் அண்மையிலுள்ளதை நுட்பமாகவும் வரைவதே இவ்வமைப்பின் அடிப்படை.

இவற்றுள் வெளியீட்டு அடுக்கே மயக்கத்திற்கு மிகுதியும் இடமாகிறது. தில்லி மெட்ரோ மென்பொருள் அன்று. தூணை நாட்டியபின் பெயர்த்து நடவும் இயலாது. எனினும் அதன் இளஞ்சிவப்புத் தடம் மயூர் விஹாரில் இவ்வடுக்கைக் கண்ணெதிரே காட்டிற்று. திரிலோக்புரியில் வீடுகளை அகற்றி, குடியிருந்தோர்க்கு மறுவாழ்வளிக்கும் சிக்கலால் இடையில் சிறுதொலைவுக்குத் தடம் அமைக்க இயலவில்லை. தடம் முழுமையும் முடியட்டும் என்று காத்திராமல், சிவ் விஹாரிலிருந்து திரிலோக்புரி வரையுள்ள பகுதி 2018 அக்டோபர் 31இலும், லாஜ்பத் நகரிலிருந்து மயூர் விஹார் பாக்கெட் 1 வரையுள்ள பகுதி அதே ஆண்டு டிசம்பர் 31இலும் திறக்கப்பட்டன. இடைவெளி 2021 ஆகஸ்ட் 6இல்தான் இணைந்தது.

இங்கு நோக்கு மாறவில்லை. வெளியீட்டு வரிசையே மாறிற்று. திறந்த ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் பயணிக்குப் பயன்பட்டது என்பதும் கருதத்தக்கது. மென்பொருளிலும், அரைகுறையாயினும் தனித்துப் பயன்தருவதே வெளியீடு எனத்தகும். பயன்தராத பாதியை வெளியீடு என்பது சொல்லளவில் மட்டுமே.

ஆகவே கலைச்சொல்லாக்கத்தில் ‘திட்டம்’ என்பதைக் கீழ் மூன்று அடுக்குகளுக்கே வரையறுத்து, அவற்றையும் அடையின்றி வழங்காதிருத்தல் நன்று. ‘சுற்றுத் திட்டம் மாறியது’ என்பதைக் கேட்பவர் தம் பணிநிரலைத் திருத்திக்கொள்வார்; ‘நோக்கு மாறியது’ என்பதைக் கேட்பவரே, அப்பொருள் இனியும் வேண்டுமா என்று வினவுவார்.