பேச்சு-மொழி நோயியல் தொழில்வாய்ப்புகள்

பேச்சு-மொழி நோயியல் என்பது பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளை ஆராய்ந்து, பயிற்சியின் மூலம் சீர்செய்ய முயலும் துறை ஆகும். திக்குவாய், அண்ணப்பிளவு, மதியிறுக்கம், காதுகேளாமை, பக்கவாதம் முதலியவற்றால் வரும் பேச்சுச் சிக்கல்கள் இதில் அடங்கும். இத்துறையினர் பொதுவழக்கில் பேச்சுப் பயிற்சியாளர் எனப்படுகின்றனர்.

கல்வி

இந்தியாவில் இளநிலைப் படிப்பு கேட்பியலுடன் இணைந்தது. 12ஆம் வகுப்பில் அறிவியல் பாடங்களைப் படித்தவர்கள் இதில் சேரலாம். படிப்புக் காலம் உள்ளகப் பயிற்சியுடன் 4 ஆண்டுகள். முதுநிலைப் படிப்பு 2 ஆண்டுகள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையின் முன்னோடி. தமிழ்நாட்டில் சென்னை, போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் முதலியவை இதனைக் கற்பிக்கின்றன. 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரே தொழில் புரியலாம்.

பணியிடங்கள்

மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், கல்லூரிகள், காதுகேட்பான் நிறுவனங்கள், சொந்தப் பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றில் பணிபுரியலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. குறைபாடு உடையோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். இம்மையங்களின் பணியாளர் அமைப்பில் பேச்சுப் பயிற்சியாளரும் இடம்பெறுகிறார். எனினும் இத்தகைய பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் மேற்கில் உள்ள கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழின் ஒரு வட்டார வழக்கைப் பேசுவோர்.

மலைப்பகுதியில் இத்துறையின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. கருவி ஒலியை உணரச் செய்யுமே தவிரப் பேச்சைத் தானாகத் தராது. குழந்தை ஒலிகளைப் பிரித்தறிந்து சொற்களாக்கத் தொடர்ச்சியான பயிற்சி வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் மலையிலிருந்து இறங்கி வருவது பெற்றோருக்கு ஒருநாள் கூலி இழப்பு. பயிற்சி பாதியில் நின்றால் அறுவை மருத்துவத்தின் பயன் பெரிதும் குறைகிறது.

மேலும், வட்டார வழக்கைக் குறைபாடாகக் கொள்ளக்கூடாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. குழந்தையின் உச்சரிப்பு ஊர் வழக்கா, கோளாறா என்பதை அவ்வழக்கை அறிந்தவரே எளிதில் பிரித்தறிவார். வீட்டில் தொடரவேண்டிய பயிற்சியைப் பெற்றோருக்கு அவர்கள் மொழியிலேயே விளக்கவும் இயலும். எனவே இம்மலையில் பிறந்து வளர்ந்த மாணவர் இத்துறையைக் கற்றால், வெளியூரில் பயின்றவருக்கு எளிதில் வாய்க்காத தகுதி ஒன்றை இயல்பாகவே பெற்றிருப்பார்.