துப்பாக்கிக் கணக்கில் ஒரு ஓட்டை

ஆயுதம் பெருகினால் குற்றம் குறையும் என்றது 1997-ல் வந்த ஆய்வு. கணக்கு திருத்தப்படுவதற்குள் சட்டங்கள் மாறிவிட்டன.

எதிரே வருபவனின் கோட்டுக்குள் துப்பாக்கி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் வழிப்பறிக்காரன் தயங்குவான். சாதாரண அறிவுக்கு எட்டும் இந்த வாதத்துக்குப் புள்ளிவிவர பலம் தந்தவர்கள் ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் துப்பாக்கி அரசியலையே உலுக்கியது.

நம் மாவட்டங்களைப் போன்ற கவுன்ட்டிகளில் 1977 முதல் 1992 வரை பதிவான குற்றங்களை அவர்கள் அலசினார்கள். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல, தகுதியுள்ளவர்கள் கேட்டால் லைசென்ஸ் தந்தே ஆகவேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டிருந்தன. அங்கெல்லாம் கொலையும் பலாத்காரமும் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. மற்ற மாநிலங்களும் 1992-ல் இதைச் செய்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 1,570 கொலைகள் நடந்திருக்காது என்றார்கள். துப்பாக்கி ஆதரவாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அடுத்த ஆண்டே சிக்கல் தொடங்கியது. டேன் பிளாக், டேனியல் நேகின் இருவரும் அதே கணக்கிலிருந்து புளோரிடாவை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். கொலையும் பலாத்காரமும் குறைந்ததற்கான தடயமே மறைந்தது! 1980-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தின் மயாமி நகரம் போதைமருந்துக் கும்பல்களின் போர்க்களம். அந்த உச்சத்திலிருந்து கொலைகள் குறைந்ததற்கு 1987-ல் வந்த சட்டம்தான் காரணமா?

இன்னொரு ஓட்டை, 'கிராக்' கொக்கெய்ன். அந்தப் போதையால் ரத்தம் சிந்திய நியூயார்க், கலிபோர்னியா போன்றவற்றில் தாராள லைசென்ஸ் கிடையாது. அங்கே குற்றம் எகிற, தாராள மாநிலங்கள் ஒப்பீட்டில் நல்லவையாகத் தெரிந்தன என்று இயன் ஏயர்ஸும் ஜான் டோனஹ்யூவும் 2003-ல் வாதிட்டார்கள். குற்றம் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல ஆதாரம் போதாது என 2004-ல் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலின் குழு கைவிரித்தது. கொலை விஷயத்தில் லாட் சொன்னது சரியே என்று குழுவில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன் மட்டும் மாறுபட்டார்.

2019-ல் டோனஹ்யூ குழு வேறு வழியைக் கையாண்டது. டெக்சாஸில் 1996-ல் தாராளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால்? அதற்கு முன்பு டெக்சாஸைப் போலவே குற்ற விகிதம் நகரும்படி கலிபோர்னியா, விஸ்கான்ஸின், நெப்ராஸ்கா ஆகியவற்றைத் தகுந்த விகிதத்தில் கலந்து ஒரு 'நிழல் டெக்சாஸை' உருவாக்கி, நிஜத்தோடு ஒப்பிட்டார்கள். இப்படி ஒவ்வொரு மாநிலமாகப் பார்த்ததில், பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரில் வைத்துவிட்டுப் போகும் துப்பாக்கிகள் திருடர் கைக்குப் போகின்றன, சாதாரணத் தகராறுகள் சூட்டில் முடிகின்றன என்பது அவர்கள் விளக்கம். லாட் இதை ஏற்கவில்லை.

கணக்கு ஒரு பக்கம் சாயத் தொடங்கியபோது தீர்ப்பு வேறு அளவுகோலோடு வந்தது. விசேஷ காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற நியூயார்க்கின் நூறாண்டு பழைய சட்டத்தை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. 2020-ல் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 45,222 பேர் என்று தன் எதிர்த் தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி ஸ்டீபன் பிரேயர். அதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, ஒரு சட்டம் நாட்டின் ஆயுதச் சட்ட மரபுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. அது உயிரைக் காக்கிறதா என்பதல்ல.

2024-க்குள் 29 மாநிலங்களில் லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது. அங்கே எத்தனை பேர் சட்டைக்குள் துப்பாக்கி இருக்கிறது என்பதை இனி எந்தப் பதிவேடும் முழுதாகச் சொல்லாது.