ஜெர்மனியில் ஒரு வருஷம்... ஊர் திரும்பிய பிறகும் தொடரும் உறவு! சர்ச் தன்னார்வலர்கள் தொடர்பில் இருப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணி. பாடியில் ஆராதனை முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். லைப்சிக்கில் அப்போதுதான் காலை 9.30. அங்கே சர்ச் மணி இனிமேல்தான் அடிக்கும். கோடையில் இந்த மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை ஆகிவிடும். ஜெர்மனியில் ஒரு வருஷம் சர்ச் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய நம்ம பசங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பழகிய சபையோடு வீடியோ காலில் பேச வேண்டுமென்றால் வேறு வழியில்லையே!

வெளிநாடு போய்ச் சேவை செய்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு அந்த உறவு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதில் அன்பும் இருக்கு, சட்டச் சிக்கலும் இருக்கு.

யார் போகிறார்கள், யார் வருகிறார்கள்?

ஜெர்மனி அரசின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் தொடங்கிய திட்டம் ‘வெல்ட்வேர்ட்ஸ்’. ‘உலகை நோக்கி’ என்று அர்த்தம். 18 முதல் 28 வயது வரையிலான ஜெர்மானிய இளைஞர்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கம் வந்து, பெரும்பாலும் ஒரு வருஷம் தன்னார்வலராக வேலை செய்யலாம். அனுப்பும் அமைப்புகளில் சர்ச் அமைப்புகளும் உண்டு. அதில் ஒன்று லைப்சிக் மிஷன். அதன் தமிழ்நாட்டுக் கூட்டாளி, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது டி.இ.எல்.சி.

ரொம்ப நாள் இது ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. ‘அவங்க பசங்க மட்டும் இங்க வரலாம், நம்ம பசங்க அங்க போகக்கூடாதா?’ என்ற நியாயமான கேள்விக்குப் பதிலாக, 2013 கடைசியில் எதிர்த்திசைத் திட்டமும் சேர்ந்தது. இந்தியா, தான்சானியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய், அந்நாட்டு அரசின் தன்னார்வச் சேவைத் திட்டத்தின் கீழ் வேலை செய்யலாம். கட்டாய ராணுவ சேவையை 2011-ல் ஜெர்மனி நிறுத்தி வைத்தபோது உருவான திட்டம் அது.

கப்பலில் போன கடிதங்கள்

இந்தத் தொடர்பு புதுசு இல்லை. 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். கோபன்ஹேகனிலிருந்து ஏழு மாதத்துக்கு மேல் கப்பல் பயணம். ஒரு கடிதம் போட்டுப் பதில் வாங்குவதற்குள் வருஷமே ஓடிவிடும். அப்படியும் எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வெளிவந்தன. தரங்கம்பாடியைப் பார்க்காத ஆயிரக்கணக்கானோர் அதைப் படித்துத்தான் காணிக்கை அனுப்பினார்கள்.

சீகன்பால்கு இன்னொன்றும் செய்தார். ‘நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், என்ன நம்புகிறீர்கள்?’ என்று இங்குள்ளவர்களிடமே கேட்டு, தமிழர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். 99 கடிதங்கள். தமிழர்களின் குரல் தமிழர்கள் எழுதியபடியே ஐரோப்பிய வாசகருக்குப் போனது, அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

1714-ல் அவர் ஊர் திரும்பியபோது கூடவே ஒரு தமிழ் இளைஞரும் கப்பலேறினார். பெயர் மலையப்பன். இருவரும் ஐரோப்பாவில் இருந்த காலத்தில்தான், 1716-ல், சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் ஹாலேவில் லத்தீனில் அச்சானது. பக்கத்தில் தமிழ் பேச ஓர் ஆள் இருந்தது எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்டையில் மலையப்பன் பெயர் இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்கலாம்.

ஆனால், ஊரில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கேட்கத் தயாராக இல்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713-ல் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலே அச்சிடவில்லை. மிஷனரியின் வேலை அந்த மதத்தை ஒழிப்பது, அதைப் பரப்புவது அல்ல என்பது அவர்களின் நினைப்பு. அந்த நூல் கடைசியில் அச்சானது சென்னையில், 1867-ல். 150 வருஷத்துக்கும் மேல்!

இதற்கு நேர்மாறான உதாரணம் கார்ல் கிரவுல். லைப்சிக் மிஷனின் இயக்குநரான இவர் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு தமிழை விடவில்லை. திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-ல் லைப்சிக்கில் வெளியிட்டார். ஊர் திரும்பியவர் தொடர்பில் இருப்பது என்றால், என்னைக் கேட்டால், இதுதான் உச்சம்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற நேர்ந்தது. ஸ்வீடன் மிஷன் கைகொடுக்க, 1919-ல் டி.இ.எல்.சி தனித் திருச்சபையானது. ஆனாலும் அதன் முதல் தமிழ் பேராயராக ராஜா மாணிக்கம் பொறுப்பேற்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘கூட்டாளி’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் வர அவ்வளவு காலம் ஆகியிருக்கு.

திரும்பிய பிறகு என்ன?

வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்தில் ஊர் திரும்பிய பிறகான காலமும் ஒரு கட்டம்தான். பயிற்சிக்கென 25 நாள் உண்டு. அதில் புறப்படும் முன், நடுவில், திரும்பிய பின் என மூன்று கட்டமாகக் கருத்தரங்குகள் நடக்கும். திரும்பியவர்கள் பள்ளிகளிலும் சபைகளிலும் போய்த் தங்கள் அனுபவத்தைப் பேசுவது, அடுத்த பேட்ச்சைத் தயார்படுத்துவது என்று வேலை இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய வலி ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், உலகம் முழுவதும் இருந்த வெல்ட்வேர்ட்ஸ் தன்னார்வலர்களை ஜெர்மனி திரும்ப அழைத்தது. சில நாள் அவகாசத்தில் பெட்டியைக் கட்ட வேண்டிய நிலை. விடுதிக் குழந்தைகளுக்கு ‘அக்கா எங்க போனாங்க?’ என்று சொல்லக்கூட நேரமில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்? சாதாரண வருஷங்களிலும் ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்ட்டிலும் ஓர் அண்ணனோ அக்காவோ போய், புதிதாக ஒருவர் வருவார். அந்தக் குழந்தைகள் பக்கமிருந்து பார்த்தால், தினமும் மெசேஜ் செய்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போகிறவரைவிட, கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் தவறாமல் கூப்பிடுகிறவர் மேல்.

பணம் அனுப்பலாமா?

இங்கேதான் நல்ல மனசு சட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. ‘ஹாஸ்டலுக்கு வாட்டர் ஃபில்டர் வாங்கிக்கோங்க’ என்று ஊர் திரும்பிய ஜெர்மானியர் 100 யூரோவை வார்டனின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு எதிரானது. எஃப்.சி.ஆர்.ஏ பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கிய அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான். முன்பு 50 ஆக இருந்தது.

அப்போ ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை செய்யும் நம்ம சித்தப்பா பையன் அனுப்பினால்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஜெர்மன் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ கார்டு வைத்திருந்தால் ஆகும். ரத்தம் ஒன்றுதான், பாஸ்போர்ட்தான் வேற!

போட்டோவிலும் இதே கவனம் வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிட 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74 தடை போடுகிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஹாஸ்டல் படங்களை இன்ஸ்டாவில் ‘மிஸ் யூ’ என்று போடும் முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

போக ஆசையா?

தனியாக விண்ணப்பித்துப் போவதைவிட, ஜெர்மனியில் கூட்டாளி அமைப்பு உள்ள திருச்சபை மூலம் போவதுதான் வழக்கம். முதலில் உங்கள் போதகரிடம் கேளுங்கள். பாடி, அம்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு, கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் தூரமில்லை. தங்குமிடம், காப்பீடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் திட்டத்திலேயே வரும். சம்பளம் கிடையாது. ஐ.டி வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள், அந்த ஒரு வருஷ இடைவெளியை அடுத்த இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.