சுவடிப் பதிவில் தொடரெண் வழங்கும் முறை

ஓலைச்சுவடிகளுக்கு எண்ணிடுதல் எளிய செயல் போலத் தோன்றும். பதிவேடு ஒன்றே, எழுதுவோர் ஒருவரே என்றிருந்த வரையில் அஃது எளிதாகவே இருந்தது. இறுதி எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டி எழுதினால் போதும். இன்று பதிவேடு கணிப்பொறித் தரவுத்தளமாக மாறும் இடங்களில் பலர் ஒருங்கே பதிகின்றனர். அங்கும் பழைய வழக்கத்தையே கணிப்பொறிக்குக் கற்பித்துவிடுதல் நிரல் எழுதுவோரிடம் காணப்படும் ஒரு பிழையாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

பதிவில் இறுதி எண் 4127 எனக் கொள்வோம். ஒருவர் அதனைப் படித்து 4128 எனக் கணக்கிடுகின்றார். அவர் பதிவு உறுதியாவதற்கு முன் மற்றொருவரும் படிக்கின்றார். உறுதியாகாத பதிவு பிறர்க்குப் புலனாகாமையின் அவருக்கும் 4127 என்பதே தோன்றும். இப்பொழுது இருவர் கையிலும் இருப்பது 4128. ஓரெண் இருமுறை வாராதவாறு அட்டவணையில் தடை விதித்திருப்பின் பின்னவர் பதிவு மறுக்கப்படும். அவர் மீண்டும் முயலலாம். தடை இல்லையாயின் இரண்டு சுவடிகள் ஓரெண் தாங்கி நிற்கும். பாடவேறுபாடு காட்டும் பதிப்பாசிரியர் அவ்வெண்ணைக் குறித்துவிட்டால், அவர் கண்ட பாடம் எச்சுவடிக்கு உரியது என்பதைப் பின்வருவோர் எங்ஙனம் துணிவர்? ஆகவே எம்முறையை மேற்கொள்ளினும் இத்தடை இன்றியமையாதது என்பது எம் கருத்து.

எண் வழங்குதலைத் தரவுத்தளத்திடமே விட்டுவிடுதல் தக்கது. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் முதலியவற்றில் இதற்கெனவே தொடரெண்ணி என்னும் அமைப்பு உண்டு. அது கேட்பவர் ஒவ்வொருவர்க்கும் வேறெண் தரும். தந்ததைத் திரும்பப் பெறாது. 4128ஐப் பெற்றவர் தம் பதிவைக் கைவிட்டாலும் அடுத்தவர்க்குக் கிடைப்பது 4129 தான். அன்றியும், வேறு கட்டளை இல்லாவிடில் ஆரக்கிள் 20 எண்களை முன்னரே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வழங்கி திடீரென நின்றுபோனால் எஞ்சியவை வீணாகும். எனவே எண்வரிசையில் இடைவெளி கண்டு சுவடி களவுபோயிற்று என ஐயுற வேண்டா.

இடைவெளியே கூடாதெனின் இறுதி எண்ணைத் தனியோர் அட்டவணையில் வைத்து, அவ்வரியைப் பூட்டி ஒன்று கூட்டுதல் வேண்டும். கூட்டலும் பதிதலும் ஒரே பரிவர்த்தனையில் அமையவேண்டும். அஃதாவது இரண்டும் நிறைவேறும், அல்லது இரண்டும் நீங்கும். அது முடியுங்காறும் பிறர் காத்திருப்பர். 2017ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு சேவை வரி விதிகள் விலைப்பட்டியலுக்குத் தொடர்ச்சியான எண் வேண்டுமென்கின்றன. அத்தகைய இடத்தில் இக்காத்திருப்பைப் பொறுக்கலாம்; சுவடிப் பதிவுக்கு இது மிகை.

இடைவெளியினும் அஞ்சத்தக்கது நீக்கிய எண் மீண்டும் தோன்றுதல். 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0க்கு முற்பட்ட பதிப்புக்களில், இன்னோடிபி அட்டவணையின் எண்ணி நினைவகத்தில் மட்டுமே இருந்தது. வழங்கியை நிறுத்தித் தொடங்கினால், அட்டவணையில் எஞ்சியுள்ள பேரெண்ணைக் கொண்டே அது மீளக் கணிக்கப்பட்டது. இறுதிப் பதிவை நீக்கியபின் இவ்வாறு நேரின் அவ்வெண் வேறு சுவடிக்குச் சென்றுவிடும். 8.0 முதல் இக்குறை நீங்கிற்று. பழைய பதிப்பை இன்னும் கையாள்வோர் பதிவை அழிக்காது, ‘நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பு மட்டும் இட்டு வைப்பாராக.